நீலக் கூடாரத்துக் காற்று

காற்றைத் திருடும் இயந்திரம் ஒன்று தோட்டத்துக்கு வருகிறது என்ற செய்தி, அதை ஏற்றி வந்த லொறி முதல் வளைவில் முனகிக்கொண்டிருக்கும்போதே மேல்கணக்கு லயங்களின் வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஸ்பிரிங்வெளிப் பக்கத்துப் பாதைகளில் லொறிகள் அப்படித்தான் ஏறும். செய்திதான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியில் ஓடிவிடும். ஓடுகிற ஓட்டத்தில் அது கொஞ்சம் கொழுத்தும் விடும். இயந்திரம் ஒன்றல்ல, இருபது என்றார்கள். ஒரு வீட்டில் கோழிகளைக் கூடையால் கவிழ்த்து மூடினார்கள். இன்னொரு வீட்டில் ஜன்னல் இடுக்குகளில் பழைய சீலையைத் திணித்தார்கள், இருக்கிற காற்றாவது மிஞ்சட்டும் என்று.

ஜெயந்தினி எதையும் மூடவில்லை. மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் எறிந்துவிட்டு, கொழுந்துக் கறை படிந்த கையோடு கலாசார மண்டபத்துக்கு ஓடினாள். வந்தது காற்றைத் திருடும் இயந்திரம் அல்ல, உடம்பில் பலம் ஏற்றும் இயந்திரம் என்று அவள் காதில் விழுந்திருந்தது. பலம் தருகிறோம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வருடம் அவள் பதுளைக்குத் தலைகீழாக நடந்து போயிருப்பாள்.

அதற்குக் காரணம் தேர்.

தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் நடுவில் ஒரே மாரியம்மன் கோயில், வருடத்துக்கு ஒரே தேர். கோயிலை விட்டு வெளியே வந்ததும் தேர் மேலே திரும்புவதா, கீழே இறங்குவதா என்று ஒரு காலத்தில் ஆண்கள் அடித்துக்கொண்டார்கள். ஒரு வருடம் பசறையிலிருந்து பொலிஸ் வந்தது. அம்மன் தேரில் உட்கார்ந்தபடியே விசாரணை முழுவதையும் பார்த்தாள். அதற்குப் பிறகு கோயில் தலைவர் ரெங்கசாமி ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“ஆம்பளைங்க எல்லாரும் ஒதுங்குங்கப்பா. தேர் அன்னிக்குச் சாயங்காலம் பொம்பளைங்க கயிறு இழுக்கட்டும். எந்தக் கணக்கு ஜெயிக்குதோ, தேர் மொதல்ல அங்க.”

கடந்த மூன்று தேருக்கும் கீழ்க்கணக்குதான் ஜெயித்தது. தேர் என்றால் வீட்டுக்கு வீடு நிற்கும். வீட்டுக்கு வீடு அர்ச்சனைத் தட்டு நீளும். கீழ்க்கணக்கை முடித்துக்கொண்டு மேலே வரும்போது மாலைகள் கருகிப்போயிருக்கும், தப்பு அடிப்பவர்கள் தூங்கிக்கொண்டே அடிப்பார்கள், பூசாரி திருநீறு என்று நினைத்துக் குங்குமத்தை அள்ளித் தருவார். பிள்ளைகள் ஒன்றுகூட விழித்திருக்காது. ஜெயந்தினியின் சின்ன மகள் பிறந்ததிலிருந்து ஒரு தேரையும் கண் திறந்து பார்த்ததில்லை. போன வருடம் விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, “அம்மா, தேர் வந்துச்சா?” என்று கேட்டாள்.

“வந்துச்சே! ஒன்னயத் தூக்கிட்டுப் போயிக் காட்டுனேனே.”

“பொய்யி,” என்றாள் சின்னவள்.

அந்த ஒரு சொல் ஜெயந்தினியின் தொண்டையில் மீன் முள்ளாகச் சிக்கி ஒரு வருடம் இருந்தது. மேல்கணக்குக் கோஷ்டிக்கு அவள்தான் தலைவி, கயிற்றின் கடைசி முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவள். இந்தத் தடவை வெளிச்சம் இருக்கும்போதே தேர் மேலே வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது?

எதிர்க் கோஷ்டியின் கடைசி ஆள் கம்சலா. கம்சலா கடைசியில் நின்றால், அங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையை நட்டு வைத்தது போலிருக்கும். போதாக்குறைக்கு அவள் ஜெயந்தினியின் புருஷன் தினேஸின் கூடப்பிறந்த அக்கா. கயிறு இழுக்கும் நாளில் தினேஸ் தன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஹாலிஎலப் பக்கம் வாடகை ஹயர் இருப்பதாகச் சொல்லி மறைந்துவிடுவான்.

மண்டபத்தில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கூடாரங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒன்று நீலம், மற்றது மஞ்சள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அலுமாரி அளவு இயந்திரம். நடுவில் ஷாகிரா நின்றாள். பதுளை நகரத்துப் பெண், பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிப்பவள், மேற்படிப்புக்கான ஆய்வுக்கு வந்தவள். கயிறு இழுக்கும் பெண்கள் இரண்டு கோஷ்டி இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்திருந்தாள்.

“அக்காமாரே, கொஞ்சம் கேளுங்க,” என்றாள் ஷாகிரா. “பெரிய மலை உச்சியில ஒட்சிசன் கொறைவு. ஒரு கூடாரத்துக்குள்ள அந்த மாதிரிக் காத்து வரும். மத்ததுல நம்மட சாதாரணக் காத்து. மெஷின் ரெண்டும் ஒரே மாதிரித்தான் சத்தம் போடும். எதுல எது எண்டு நான் சொல்ல மாட்டேன்.”

“ஏன் மிஸ்? நாங்க யாருகிட்டயும் மூச்சு விட மாட்டோம்,” என்றாள் ஜெயந்தினி.

மண்டபமே சிரித்தது. மேல்கணக்கில் வெளியே சொல்லாமல் வைத்த விஷயம் என்று ஒன்று அதுவரை இருந்ததே கிடையாது.

“தெரிஞ்சா மனசு அதுக்கேத்த மாதிரி ஆடும் அக்கா. பெறகு வந்த பலம் காத்தால வந்ததா, மனசால வந்ததா எண்டு எனக்கு விளங்காது.” ஷாகிரா பொறுமையாகத் தொடர்ந்தாள். “பாரம் தூக்கினா எல்லாருக்கும் ஒடம்புல ஹோர்மோன் ஊறும். ஒட்சிசன் கொறைஞ்ச எடத்துல தூக்கினா தசை சீக்கிரம் களைச்சுப் புளிச்சுப் போகும். அப்ப மூளைக்கு அடியில ஒரு பட்டாணி அளவு சுரப்பி இரிக்கி, அது வளர்ச்சி ஹோர்மோனைக் கூடவா விடும் எண்டு சில ஆராய்ச்சியில கண்டிரிக்காங்க. ஆனா அதால பலம் கூடுமா, கூடாதா? அதைப் பாக்கத்தான் நான் வந்தது.”

அவள் கேள்வியாகச் சொன்னது, மண்டபத்து வாசலைத் தாண்டுவதற்குள் பதிலாக மாறிவிட்டது. இருட்டுவதற்குள் பட்டாணி மாங்காயாகி, கடைசி லயத்தில் பலாப்பழமாகத் தொங்கியது. காற்றுக் குறைந்த கூடாரத்துக்குள் போய் வந்தவளுக்குத் தேரை ஒற்றைக் கையால் இழுக்கிற பலம் வரும் என்று முடிவாகிவிட்டது.

“மீசை மொளைக்குமாமே?” என்று அன்று வீட்டில் தினேஸ் கவலையோடு கேட்டான்.

“மொளைச்சா ஒங்களுக்குக் கொஞ்சம் தாறேன். ஒங்களுக்குத்தான் இன்னும் ஒழுங்கா மொளைக்கல.”

ஷாகிரா ஒவ்வொரு பெண்ணுக்கும் தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கித்தான் கூடாரம் பிரிக்க நினைத்தாள். அது நடக்கவில்லை. “கீழ்க்கணக்கு விட்ட மூச்சை நாங்க இழுக்கணுமா?” என்று பெரியாயி கேட்டுவிட்டாள். பெரியாயி மேல்கணக்குக் கோஷ்டியில் மூத்தவள், கயிற்றின் முன்னணியில் நிற்பவள். அவள் சொன்னால் மற்றவர்கள் உட்காருவார்கள், எழும்புவார்கள். கீழ்க்கணக்கும் அதையே வேறு வார்த்தையில், அச்சில் ஏற்ற முடியாத வார்த்தையில் சொன்னது. ஷாகிரா பேராசிரியருக்குப் போன் எடுத்தாள். அவர் விட்ட பெருமூச்சு போனை விட்டு வெளியே வந்து எல்லோர் காதிலும் விழுந்தது. கடைசியில் ஒரே ஒரு நாணயம் சுண்டப்பட்டது. மேல்கணக்குக்கு நீலம், கீழ்க்கணக்குக்கு மஞ்சள்.

பாரம் தூக்கல் தொடங்கியது. பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த கையோடு, நாலு நாலு பேராகக் கூடாரத்துக்குள் நுழைவார்கள். இரும்புத் தண்டைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்ப வேண்டும், பிறகு தரையிலிருந்து தூக்கி இடுப்புவரை கொண்டுவர வேண்டும். ஷாகிரா முன்னும் பின்னும் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்புவாள். விரலில் ஒரு கிளிப் மாட்டுவாள். அது ரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் என்று காட்டும் கருவி. இலக்கம் தெரியும் பக்கத்தில் ஒரு துணியைப் போர்த்தி, தான் மட்டும் குனிந்து பார்த்துக்கொள்வாள்.

ஜெயந்தினிக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். காற்றுக் குறைந்தது நீலமா, மஞ்சளா?

தலை சுற்றுகிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். சுற்றியது. ஆனால் அன்று மத்தியானம் ரொட்டி சாப்பிட நேரமில்லை, அதனாலும் சுற்றும். மூச்சு வாங்கியது. ஆனால் அவ்வளவு இரும்பைத் தூக்கினால் எருமைக்கும் வாங்கும். நிச்சயம் தெரியாத நிலையில் அவள் தன் கோஷ்டிக்கு ஒரு கட்டளை போட்டாள். “வெளிய வரும்போது எல்லாரும் இழுத்து இழுத்து மூச்சு வாங்கணும். அவளுக பாத்துப் பயப்படணும்.”

அவர்கள் வாங்கிய மூச்சில் மண்டபத்துக் கூரைத் தகரம் ஏறி இறங்கியது. ஹாலிஎல ஸ்டேஷனில் ரயில் வந்துவிட்டதென்று சனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள் என்றால் பாருங்கள். கம்சலா சும்மா இருப்பாளா? மஞ்சள் கூடாரத்திலிருந்து வெளியே வந்தவள் அங்குமிங்கும் தள்ளாடி, வாசலில் நின்ற தம்பி மேலேயே விழுந்தாள். தினேஸ் அதற்குப் பிறகு வெகு நேரம் நிமிரவில்லை.

“தம்பி, மேகத்துக்கு மேல போயிட்டு வந்த மாதிரி இருக்குடா,” என்றாள் கம்சலா, எல்லோருக்கும் கேட்கும்படி.

வீட்டுக்கு வந்த தினேஸ் இதைச் சொன்னபோது ஜெயந்தினிக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படியே வாரங்கள் போயின. தேருக்குக் காப்புக் கட்டும் நாள் நெருங்கியது. அப்போதுதான் பெரியாயிக்கு அந்தக் குறை கண்ணில் பட்டது.

“பெக்டரி மெஷினுக்கு வெள்ளிக்கிழம தவறாம சூடம் காட்டுறாங்க. தினேஸு ஆட்டோவுக்கு எலுமிச்சம்பழம் வச்சுத்தான் எடுக்குறான். செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கே பொட்டு வைக்கிறோம். இந்த இரும்ப இத்தன நாளாத் தூக்குறோமே, ஒரு சூடம் காட்டுனமாடி?”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பெரிய தப்பு இவ்வளவு நாளாக எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது?

பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் நெருப்பே ஆகாது என்று ஷாகிரா முதல் நாளே சொல்லியிருந்தாள். “வெளிய நிண்டு காட்டுங்க அக்கா, உள்ள வேணாம்.” ஆனால் இரும்பு உள்ளேதானே இருக்கிறது? வெளியே நின்று காட்டினால் அது மண்டபத்துக் கதவுக்குக் காட்டியதாகாதா? வெள்ளிக்கிழமை பெரியாயி தீப்பெட்டியைக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு வந்தாள். சூடம் ஜெயந்தினியின் முந்தானையில் முடிந்திருந்தது. அன்று கோஷ்டி முழுவதும் ஒன்றாகவே உள்ளே நுழைந்தது. ஷாகிரா வெளியே மேசையில் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வெற்றிலையில் சூடத்தை வைத்து, அதை இரும்புத் தட்டின் மேல் வைத்தார்கள். பெரியாயி குச்சியைக் கிழித்தாள். தலை மட்டும் சீறியது, அதோடு சரி. யாரோ வாயால் ஊதியது போல அணைந்துவிட்டது.

“காத்து அடிக்குது, மறைச்சுப் புடிங்கடி.”

கைகள் எல்லாம் சேர்ந்து கோபுரம் கட்டின. இரண்டாவது குச்சியும் சீறி அணைந்தது. மூன்றாவது அணைந்தது. சூடத்தில் குச்சியின் சூடு பட்டதே தவிர ஒரு பொட்டு நெருப்பும் நிற்கவில்லை. பெட்டி காலியாகும்வரை பெரியாயி கிழித்தாள். வெற்றிலையில் சூடம் வெள்ளை வெளேரென்று அப்படியே கிடந்தது.

பெரியாயியின் முகம் அதைவிட வெளுத்துப்போயிருந்தது. “அம்மா ஏத்துக்கல,” என்றாள்.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் கூடாரத்திலிருந்து கமகமவென்று சூட வாசனை வந்தது. ஒரே கோயில், ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே பழக்கம்! கம்சலாவின் கோஷ்டிக்கும் அன்றுதான் அதே குறை கண்ணில் பட்டிருக்கிறது. அங்கே சூடம் பற்றிய பற்றில் சுவாலை எழும்பிக் கூடாரத்துக் கூரையை நக்கியது. கூரையில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை விழுந்தது. அது மறுநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டில் கதவு அளவாகி, மத்தியானத்துக்குள் பஸ் போகும் அளவாகிவிட்டது. ஷாகிரா “யா அல்லாஹ்!” என்று அலறிக்கொண்டு ஓடி, கையில் இருந்த தேத்தண்ணியையே ஊற்றி அணைத்தாள்.

மேல்கணக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள்.

“அம்மன் யாரு பக்கம்னு தெரிஞ்சு போச்சு,” என்றாள் பெரியாயி. “சூடம் பத்தாத கையி கயித்தத் தொடக் கூடாது. நான் இழுக்க மாட்டேன்.” அவள் உட்கார்ந்தால் மற்றவர்களும் உட்காருவார்கள் அல்லவா? கோஷ்டி அந்த இடத்திலேயே கலைந்தது.

ஜெயந்தினி மட்டும் நின்றாள். ஷாகிரா ஏணியில் ஏறி ஓட்டைக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“மிஸ், எங்க கூடாரத்துல சூடம் ஏன் பத்தல?”

ஷாகிராவின் கை நின்றது. “நீங்களுமா அக்கா?”

“ஏன் பத்தல?”

“அதை… நான் சொல்ல ஏலாது.” சொல்லிவிட்டு அவசரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஏலாது என்றல்லவா சொல்கிறாள்! ஜெயந்தினி அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் ஈர விறகு புகைந்து மூச்சு முட்டியது. ஊதாங்குழலை எடுத்து ஊதினாள். நெருப்பு எழும்பியது. நிறுத்தினாள். படுத்தது. மறுபடி ஊதினாள். எழும்பியது. நாள் தவறாமல் செய்கிற வேலைதான். ஆனால் அன்றைக்கு ஊதாங்குழலை வாயிலிருந்து எடுத்து, அதன் ஓட்டை வழியாக நெருப்பைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு, “அட என் தாயே!” என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், தினேஸ் வெளியே துடைத்துக்கொண்டிருந்த ஆட்டோவே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஊதாங்குழலோடு லயத்தின் நீளத்துக்கும் ஓடிப் பெரியாயியின் வீட்டுக்குள் நுழைந்தாள். சாமி படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கின் மேல் பக்கத்திலிருந்த பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தாள்.

“ஏய்! வெளக்க மூடுற? பைத்தியமா புடிச்சிருக்கு?”

“கொஞ்சம் பொறுங்க பெரியம்மா.” டின்னைத் தூக்கினாள். விளக்கு அணைந்து புகைந்தது. “ஏன் நூந்துச்சு? சாமி கோவிச்சுக்கிச்சா?”

“நீ காத்த அடைச்சா நூராம என்ன செய்யும்?”

“அதத்தான சொல்றேன்! நமக்குப் பத்தாத காத்து நெருப்புக்கு மட்டும் பத்துமா? அம்மன் ஏத்துக்காம இல்ல. நாம இருக்குறது எந்தக் கூடாரம்னு மிஸ் சொல்லல, அம்மனே சொல்லிட்டா.”

பெரியாயி விளக்கைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், ஜெயந்தினியைப் பார்த்தாள். மெதுவாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “அப்ப அந்த ஹோர்மோனு நமக்குத்தானாடி?”

“நமக்கேதான் பெரியம்மா!”

மறுநாள் மேல்கணக்கில் யாரும் நடக்கவில்லை, எல்லோரும் மிதந்தார்கள். கொழுந்துக் கூடைகள் அன்றைக்குப் பஞ்சாகிவிட்டன. இரும்புத் தண்டுக்கு இன்னும் தட்டு மாட்டச் சொல்லிப் பெரியாயி ஷாகிராவை நச்சரித்தாள். தன் கைத்தசையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கணக்கப்பிள்ளையைக்கூட வழிமறித்தாள். அவர் அன்றிலிருந்து வேறு பாதையால் வேலைக்குப் போனார்.

சேதி கீழ்க்கணக்கில் இடியாக இறங்கியது. கம்சலா தன் கோஷ்டியோடு மஞ்சள் கூடாரத்தின் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்வதை அந்தத் தோட்டத்தில் யாருக்கும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

“எங்களுக்கு இத்தன நாளா வெறுங்காத்தா மிஸ்? நாங்க என்ன சம்பள உயர்வா கேட்டோம்? காத்துத்தான கேட்டோம்! அதுலயுமா எங்களுக்குக் கொறைச்ச காத்து இல்லாமப் போச்சு?”

ஷாகிரா பேராசிரியருக்குப் போன் எடுத்தாள். இந்தத் தடவை பெருமூச்சு இல்லை. நிறையப் பேச்சு வந்தது. எந்தக் கூடாரம் எது என்பது தெரிந்துபோன ஆய்வு அரை ஆய்வுதான், கடைசிப் பரிசோதனையை மட்டும் முடித்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார். கம்சலா அந்தக் கடைசிப் பரிசோதனைக்கு மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு, “மலை உச்சிக் காத்துதான வேணும்? எங்களுக்கு மலையே இருக்கு,” என்று சொல்லிவிட்டுத் தன் கோஷ்டியை நமுனுகுல மலைக்கு ஓட்டினாள். விடியற்காலையில் முதுகில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஏறி, பெரட்டுக்கு முன் இறங்கினார்கள். உச்சிவரை போனார்களா என்று கேட்டால் கம்சலா இன்றைக்கும், உச்சிக்கு மேலேயும் கொஞ்சம் போனதாகத்தான் சொல்வாள். தேருக்கு முந்திய நாள்கூட விடவில்லை.

தேர் நாள் வந்தது. கோயிலுக்குப் பின்னால், கொட்டகைக்குள் தேர் சோடித்து நின்றது. பின்னேரம் வெயில் சரியத் தொடங்கும்போது ரெங்கசாமி தரையில் கோடு கிழித்து, கயிற்றின் நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுக் கையைத் தூக்கினார். அந்த வருடம் தினேஸ் ஹயர் போக முடியவில்லை; சின்னவளைத் தூங்கவிடாமல் பார்க்கும் வேலை அவன் தலையில் விழுந்திருந்தது. சின்னவளைத் தோளில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சேராமல், இரண்டுக்கும் நடுவில் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஹே!” என்று கை இறங்கியது.

கயிறு இழுபட்டது. இழுபட்டு, அங்கேயே நின்றது. சிவப்புத் துணி இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. ஜெயந்தினி குதிகாலை மண்ணில் ஊன்றி வானத்தைப் பார்த்துச் சாய்ந்தாள். இடுப்பில் கயிறு அறுத்தது. அவளுக்கு முன்னால் தோழிகளின் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது, உஸ், உஸ் என்று, கூடாரத்துக்குள் கேட்டதைப் போலவே. எதிரே கம்சலாவின் கால்களைப் பார்த்தாள். அந்தத் தொழிற்சாலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது! மலையேறி ஏறி வீங்கிய கெண்டைக்கால்கள் நடுங்கின.

“இப்ப!” என்று கத்தினாள் ஜெயந்தினி. “பட்டாணி! பட்டாணி!”

எதிர்க் கோஷ்டி சரிந்தது. கம்சலா உட்கார்ந்தபடியே இழுபட்டு வந்து கோட்டைத் தாண்டினாள். அவள் உட்கார்ந்து வந்த தடத்தில் அடுத்த மழைக்கு ஓர் ஓடை ஓடியது.

மேல்கணக்கு போட்ட கூச்சலில் நமுனுகுல மலை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. ஜெயந்தினி மகளை வாங்கி முத்தமிட்டு, “தேர் மொதல்ல நம்ம வீட்டுக்குடி!” என்று சொல்லி, தகப்பனோடு முன்னால் அனுப்பினாள். தேர் புறப்பட்டது. மேலே திரும்பியது. முதல் வளைவுவரை போனது. அங்கே நின்றுவிட்டது.

அதை யாரும் யோசிக்கவில்லை. மேல்கணக்குப் பாதை சுவரில் சாய்த்த ஏணி மாதிரி. மற்ற வருடங்களில் கீழ்க்கணக்கை முடித்துவிட்டு வரும்போது அங்கத்து சனமும் வடம் பிடித்துக்கொண்டே கூட ஏறிவிடும். இன்றைக்குத் தோற்றவர்கள் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆண்கள் பல்லைக் கடித்து இழுத்தும் தேர் அசையவில்லை. கோஷ்டிப் பெண்களின் கைகளோ அவித்த மரவள்ளிக்கிழங்காகத் தொங்கின. சக்கரம் பின்னால் உருள, கல்லைப் போட்டு நிறுத்தினார்கள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவுக்கு அப்பால், தேர் கண்ணில் படாத மேட்டில், தினேஸின் தோளில் சின்னவளின் தலை ஒருமுறை ஆடி, நிமிர்ந்து, மறுபடி ஆடியது.

ஜெயந்தினி வடத்தை விட்டுவிட்டுக் கீழே இறங்கினாள். தோற்றுப்போய் இறங்குவதைவிட ஜெயித்துவிட்டு இறங்குவது கஷ்டமாக இருந்தது.

கம்சலா ஒரு கல்லில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஷாகிரா தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள்.

“மதினி, வாங்க. தேர் நிக்கிது.”

“எங்க ஒன் ஹோர்மோனு? அதக் கூப்புட்டு இழுக்கச் சொல்லு.”

 கம்சலா ஷாகிராவின் பக்கம் திரும்பினாள். “மிஸ், ஆய்வுதான் முடிஞ்சிருச்சே. உள்ளதச் சொல்லு. யாருக்குப் பலம் கூட?”

ஷாகிரா தயங்கினாள். “கொழும்புல இரிந்து முடிவு வந்திச்சு. பாரம் தூக்கி முடிஞ்ச ஒடனே எடுத்த ரத்தத்துல, நீலக் கூடாரத்துக்குத்தான் ஹோர்மோன் கூட. ஆனா அது கொஞ்ச நேரத்துல எறங்கிரும். கடைசிப் பரிசோதனையில தூக்கின பாரத்தைப் பார்த்தா… ரெண்டு கோஷ்டிக்கும் ஒரே அளவுதான் கூடியிரிக்கி.”

கம்சலா தைலம் தடவிய கையைக் காலிலிருந்து எடுத்தாள்.

“ஒரே அளவா?” என்றாள் கம்சலா. “அப்ப நான் மூட்டையக் கட்டிக்கிட்டு மலை ஏறுனது?”

“அதுலதான் காலு போயிருச்சு மதினி,” என்றாள் ஜெயந்தினி.

கம்சலா முறைத்தாள். முறைப்பு உதட்டோரத்தில் உடைந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். ஷாகிராவின் கோப்பையிலிருந்த தேத்தண்ணி முழுவதும் வெளியே கொட்டிவிட்டது.

“சமம்தான் மதினி. எல்லார் முன்னாடியும் சொல்றேன், நாம சமம்தான்,” என்றாள் ஜெயந்தினி. “நான் ஜெயிச்சதுக்குத் தேர் கேக்கல. பிள்ள தூங்கிருவா. அவ இன்னும் ஒரு தேரும் பாக்கல.”

சிரிப்பு நின்றது. கம்சலா மேலே தம்பியின் தோளில் ஆடும் சின்னத் தலையைப் பார்த்தாள். தைலத்தை மூடினாள். “ஒரு கண்டிசன். அடுத்த தடவ நீலக் கூடாரம் எங்களுக்கு.”

“ஓம் அக்கா, ஓம்!” என்று துள்ளினாள் ஷாகிரா. “ரெண்டு கோஷ்டியும் கூடாரத்தை மாத்தி இன்னொருக்காச் செஞ்சா என்ட ஆய்வு பொழைச்சிரும் எண்டு பேராசிரியர் சேர் சொன்னார். உங்ககிட்ட எப்பிடிக் கேக்குறது எண்டு தெரியாமத்தான் நான் இங்கினயே நிக்கிறேன்!”

கம்சலா எழுந்தாள். அவள் எழுந்தால் கீழ்க்கணக்கே எழுந்த மாதிரிதான். வடத்தின் ஒரு பக்கம் மேல்கணக்கு, மறுபக்கம் கீழ்க்கணக்கு. மரத்தைக் கட்டிப் பிடிக்கத் தேவையில்லாத தினேஸ் மகளோடு வீட்டை நோக்கி முன்னால் ஓடினான். கல்லை எடுத்தார்கள். தேர் ஒரு உலுக்கு உலுக்கி, ஏணி போன்ற அந்தப் பாதையில் ஏறத் தொடங்கியது. பூசாரி பயத்தில் அம்மனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

முதல் லயத்தின் கூரைகளில் இன்னும் வெயில் மிச்சம் இருந்தது. தினேஸ் மகளை வாசற்படியில் இறக்கி நிறுத்தினான். சின்னவள் கண்ணைக் கசக்கிவிட்டு, தூரத்தில் வளைவைத் தாண்டி வரும் தேரை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு வடத்தோடு முன்னால் வந்துவிட்ட அம்மாவிடம் ஏமாற்றத்தோடு கேட்டாள்.

“இவ்ளோ சின்னதா?”

“கிட்ட வரட்டும்டி, வளரும்,” என்றாள் ஜெயந்தினி, வடத்தை விடாமல்.

கம்சலா தலையைக் குனிந்துகொண்டு இழுத்தாள். தேர் கிட்ட வந்தது. வர வர வளர்ந்தது. சின்னவளின் வாய் மெல்லத் திறந்தது, தலை பின்னால் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் தேரின் உச்சியைப் பார்ப்பதற்காக அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.